நீ தராமல் போன நாலாம் அத்தியாயம்

அன்பு மகன்,

நீ புறப்பட்டு ஐந்து நாளாகிறது. உன் கட்டில் விரிப்பை நான் இன்னும் மடிக்கவில்லை. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. முற்றத்து முருங்கை நீ போன பிறகுதான் காய்த்துத் தள்ளுகிறது. புதிய ஊரில் முதல் விரிவுரை எடுக்கப் போகும்போது சட்டையைச் சுருக்கம் போக மினுக்கிப் போட்டாயா என்பதைத் தவிர எனக்கு இப்போது பெரிய கவலை கிடையாது. தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் "ஓம் அம்மா, சரி அம்மா" என்று சொல்லியே நீ என்னை மடக்கிவிடுவாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது. முப்பத்துநாலு வருடம் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானம் படிப்பித்து, ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசிப் பழகியவளுக்கு அது வசதி.

நேற்றுச் சந்திக் கடைத்தெருவுக்குப் போனேன். ஓய்வூதியம் எடுக்கிறவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்து வாங்கி நிரூபிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பத்திரத்தைப் பிரதி எடுக்கப் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நான் உயிரோடு இருப்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மேசைக்குக் கீழிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார்.

"ரீச்சர், தம்பி அண்டைக்குத் தன்ர புத்தகத்தை அடிக்கேக்க இதையும் அடிக்கச் சொன்னவர். பிறகு இது வேண்டாம், கிழிச்சுப் போடுங்கோ எண்டிட்டார். இவ்வளவு எழுத்து இருக்கிற தாளைக் கிழிக்க எனக்கு மனம் வரேல்லை. நீங்கள் கொண்டு போங்கோ."

மேல் தாளில் "அத்தியாயம் நான்கு" என்று இருந்தது.

நீ எனக்கு வாசிக்கத் தந்த பிரதியில் மூன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு நேரே ஐந்தாம் அத்தியாயம் வந்ததை நான் அன்றைக்கே கண்டுவிட்டேன். எத்தனை வருடம் விடைத்தாள் திருத்திய கண் இது. கேட்டதற்கு, "அது இன்னும் முடியேல்லை அம்மா" என்று சொல்லிவிட்டு, என் முருங்கைக்காய்க் கறியைப் புகழ்ந்தாய். நீ என் சமையலைப் புகழ்ந்தால் எங்கேயோ எதையோ ஒளிக்கிறாய் என்று அர்த்தம். புத்தகத்தையும் அந்த அத்தியாயம் இல்லாமலே பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறாய் என்பது இப்போதுதான் விளங்குகிறது. குசினியில் இருந்தபடியே வாசித்து முடித்தேன். சோறு குழைந்துபோனது. அந்த அத்தியாயம் என்னைப் பற்றியது, என் பெயரைச் சொல்லாமல் என் கிணற்றைப் பற்றியது.

ஏன் மறைத்தாய் என்பது எனக்குத் தெரியும். என் பழைய மாணவர்கள் எனக்குப் பவளவிழா மலர் தயாரிக்கிறார்கள். அட்டையில் ஒரு கிணறும் தண்ணீர் இறைக்கும் துலாவும். உள்ளே முதல் கட்டுரை என்னுடைய "பங்குக் கிணறு". அம்மாவுக்கு எழுபத்தைந்து நிறையும் நேரத்தில், அம்மாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கட்டுரை பிழை என்று மகனே எழுதுவதா என்று நினைத்திருப்பாய். உன் மனம் எனக்கு விளங்குகிறது, மகன். ஆனால் நீ அதைக் கிழிக்கச் சொன்னதில் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தோடுதான் எழுதத் தொடங்கினேன். எழுத எழுதக் குறைகிறது.

கிணற்றின் கதை உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் இன்னொருமுறை கேள், ஏனென்றால் இந்தமுறை முழுவதையும் சொல்லப் போகிறேன். எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருக்கும் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு எட்டுப் பங்கு. காணி உறுதிப் பத்திரத்திலேயே கிணற்றுப் பங்கும் வழியும் வாய்க்காலும் எழுதியிருக்கும். எந்த வீட்டுக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அவரவர் தோட்டத்தில் புகையிலையோ வெங்காயமோ, அது அவரவர் பாடு. ஒருவரும் தலை போடுவதில்லை. ஆனால் கிணற்றை ஆழமாக்குவது, கட்டைத் திருத்துவது, ஆண்டுக்கு ஒருமுறை இறைத்துச் சேறு அள்ளுவது, இவை எல்லாம் எட்டு வீடும் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒருவர் பங்கை விற்பதென்றால் முதலில் மற்றப் பங்குக்காரரைக் கேட்க வேண்டும். ஆம்பிளைகள் பாதிப்பேர் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார்கள், என் ஐயா உட்பட. ஆகவே அந்தக் கிணற்றை ஆண்டதெல்லாம் பெண்கள்தான். சேறு அள்ளும் நாளில் என் அம்மாவும் மற்ற ஏழு பெண்களும் கிணற்றடியில் நின்று வாதாடிய வாதம் எந்தப் பாராளுமன்றத்துக்கும் குறைந்ததில்லை.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, வெளிநாட்டுச் சரக்கு, நம் நாட்டு மண்ணில் அது முளைக்காது என்று விரிவுரையாளர் ஒருவர் சொன்னார். நான் எழும்பி நின்று எங்கள் கிணற்றைச் சொன்னேன். மண்டபம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அதை எழுதிக் கொண்டு வாரும்" என்றார். அப்படித்தான் என் தொழில் தொடங்கியது. தன் காரியத்தில் தனக்கு உரிமை, பொதுக் காரியத்தில் எல்லோருக்கும் பங்கு, இந்த இரண்டையும் எங்கள் பெண்கள் புத்தகம் படிக்காமலே நடத்தினார்கள் என்று எழுதினேன். கட்டுரை எத்தனையோ இடம் போனது. நானும் போனேன். வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் கிணறு கீறி எட்டாகப் பிரிப்பேன். பிள்ளைகள் எனக்குப் பின்னால் "கிணத்தடி மிஸ்" என்று பட்டம் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்தார்கள். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது.

இதில் ஒன்றை உன்னோடு பேச வேண்டும். நீயும் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டாய், நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல. உயர்தர வகுப்புக்கு உன்னை விஞ்ஞானப் பிரிவில் போட வேண்டும் என்று நானே படிவம் நிரப்பி வைத்தேன். நீ அதை உன் கொப்பிக்குள் ஒளித்துவிட்டு, வேறு படிவத்தில் அரசியல் விஞ்ஞானம் எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டாய். இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு நாய் குரைத்தது. அப்பா கதிரையில் இருந்தபடி பேப்பரை இறக்காமலே சொன்னார்: "ஊருக்குச் சமஷ்டி, வீட்டுக்கு ஒற்றையாட்சி. நல்லாய்த்தான் இருக்கு உம்மட அரசியல்." ஒரு கிழமை அவரோடும் பேசவில்லை, உன்னோடும் பேசவில்லை. அவர் போய் ஆறு வருடமாகிறது. இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே அவர் இல்லாதது வலிக்கிறது. ஆனால் இப்போது யோசிக்கிறேன், என்னிடம் தாள்களை ஒளிக்கும் பழக்கத்தை உனக்குப் பழக்கியவள் நான்தான். அன்றைக்கு நான் சத்தம் போடாமல் கேட்டிருந்தால் இன்றைக்கு நீ நாலாம் அத்தியாயத்தை என் கையில் தந்திருப்பாய்.

இனி நான் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். அந்தக் கிணற்றடியில் எட்டு வீட்டார் மட்டும் நிற்கவில்லை. குறைந்த சாதி என்று எங்கள் ஆட்கள் ஒதுக்கி வைத்த குடும்பங்களின் பெண்களும் குடத்தோடு நின்றார்கள். அவர்கள் தாங்களே வாளி விடக் கூடாது. பங்குக்காரர் வீட்டில் யாராவது வந்து அள்ளி ஊற்றும்வரை தள்ளி நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு முறை வரும் நாளில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஊற்றுவது என் வேலை. அதை ஏதோ தருமம் செய்வதாக நினைத்துப் பெருமைப்பட்டேன். பூரணம் என்ற பெண் தன் மகளோடு வருவார். என் அம்மாவின் வயதுடைய அவரை நான் பெயர் சொல்லி, "நீ" போட்டுத்தான் கூப்பிட்டேன். ஒரு நாள் நான் கிளித்தட்டு விளையாடி முடிக்கும்வரை இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்ப விளையாடினேன்.

கட்டுரை எழுதும்போது இதை மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். ஞாபகம் வந்தது. "இது வேறு விஷயம், சாதியைப் பற்றிய விஷயம், ஆட்சிமுறையைப் பற்றியது அல்ல" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுதியில் பெயர் உள்ளவர்களை எண்ணி, எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று கணக்கை மூடினேன். காணியும் உறுதியும் உள்ள வீட்டில் பிறந்தவள்தான் இப்படிப் பிழை விடுவாள். இத்தனைக்கும் மற்றவர் சொல்வது என் காதில் விழாமல் இல்லை. குறிகட்டுவான் படகுத்துறையில் ஒருமுறை நெடுந்தீவுக்காரர் ஒருவர், "மிஸ், உங்களுக்குக் கொழும்பு தூரம். எங்களுக்கு யாழ்ப்பாணம் தூரம். எங்களைப் பற்றி ஆர் எழுதுறது?" என்று கேட்டார். அதற்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதினேன். தூரத்தைப் பற்றிய முறைப்பாடு என்றால் உடனே பேனை எடுத்தேன். என் வீட்டு ஒழுங்கை முடிவில் நின்றவர்களைப் பற்றி எடுக்கவில்லை.

உன் அத்தியாயத்தின் நடுவில் ஒரு காட்சி எழுதியிருக்கிறாய். பிரதேச சபைக்குப் புதிதாகத் தெரிவானவர்களுக்கு அதிகாரப் பகிர்வு பற்றி ஒரு பயிற்சி வகுப்பு. வகுப்பெடுக்க அழைத்த வளவாளர் ஒருவர் வெண்பலகையில் கிணறு கீறி எட்டாகப் பிரிக்கிறார். பின் வரிசையில் இருந்து ஒரு பெண் உறுப்பினர் எழும்பி, "எட்டுப் பங்கும் சரி. வெளியில குடத்தோட நிண்ட ஆக்களுக்கு உங்கட படத்தில எந்த இடம்?" என்று கேட்கிறார். "வளவாளர் பதில் சொல்லவில்லை. தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்" என்று முடித்திருக்கிறாய். அந்தப் பெண்ணின் பெயரை மறைத்து "த." என்று மட்டும் போட்டிருக்கிறாய். வளவாளருக்கு அந்த ஒரு எழுத்தும் இல்லை.

மகன், அந்தத் "த.", தவமணி, உனக்கு அதைச் சொன்னபோது அந்த வளவாளர் நான்தான் என்பதையும் சொல்லியிருப்பார். அவருக்கே நிச்சயமில்லாத ஒன்றை நான் உனக்குச் சொல்கிறேன். அன்று அவர் எழும்பி நின்றபோது எனக்கு அவரைத் தெரிந்தது. பூரணத்தின் மகள். முகம் அப்படியே தாயின் முகம். தெரியாதவள் போல நின்றேன். தேநீர் வேளையில் அவர் இருந்த பக்கமே போகவில்லை. கையில் இருந்த விசுக்கோத்தைத் தின்னவும் முடியவில்லை.

நேற்று அத்தியாயத்தை வாசித்து முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தேன். கால்மணி நேர நடை. இந்த ஊரில் பிறந்து இத்தனை வயதுக்கு அந்த வீட்டுப் படலையை நான் திறந்ததில்லை. "தவமணியக்கா" என்று கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவரை முதல்முறையாக அக்கா என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஆர், புரொபெசரே? வாங்கோ, வாங்கோ. வெயிலுக்க ஏன் நிக்கிறியள்?" என்று கதிரையை இழுத்துப் போட்டார். "உங்கட மகன் மூண்டு தரம் வந்தவர். நல்லாய்க் கேக்கத் தெரிஞ்ச பிள்ளை. குறுக்க கதைக்கிறேல்லை."

"அது தகப்பனிட்ட இருந்து வந்தது" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. "அக்கா, அண்டைக்குக் கூட்டத்தில உங்களை எனக்குத் தெரிஞ்சது. தெரியாத மாதிரி நிண்டனான்" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பிடித்தான் இருக்கும் எண்டு நான் நினைச்சனான்" என்றார், வெகு சாதாரணமாக. "அந்தப் பேனை மூடியைத் திறக்கிறதும் பூட்டுறதுமாய் நிண்டனீங்கள். சின்னனில கிணத்தடியிலயும் உங்களுக்கு அந்தப் பழக்கம். எங்களைக் கண்டால் வாளிக் கயித்தைக் கையில சுத்துவீங்கள், பிறகு அவிழ்ப்பீங்கள். அம்மா சொல்லுவா, அந்தப் பிள்ளைக்கு ஏதோ விளங்குது, சொல்லத்தான் தெரியேல்லை எண்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலில் நிறுத்தி வைத்த என்னைப் பற்றி அந்தத் தாய் அப்படியா நினைத்தார்? மன்னிப்புக் கேட்டேன். தவமணியக்கா என் குடையை எடுத்துச் சுவரோடு சாத்தி வைத்தார்.

"அதை வைச்சு நான் இப்ப என்ன செய்யிறது?" என்றார். "அம்மாவும் இல்லை. நீங்கள் எழுதினது பொய்யெண்டு நான் சொல்லேல்லை. அந்தப் பெண்டுகள் எட்டுப் பேரும் நியாயமாய்த்தான் பிரிச்சவை. பிரிக்க முதல் ஆரைக் கூப்பிட்டவை எண்டதுதான் என்ர கேள்வி. அதை உங்கட மகன் எழுதியிருக்கிறார் எண்டு சொன்னவர். எப்ப வெளியில வருது?"

நீ கிழிக்கச் சொன்னாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வரும்" என்றேன்.

"வந்தால் என்ர பெயரை முழுசாய்ப் போடச் சொல்லுங்கோ. ஒரு எழுத்துக்குள்ள என்னை அடக்க ஏலாது."

வரும் வழியில் கிணற்றடிக்குப் போனேன். எட்டுப் பங்கில் ஆறு பங்கு இப்போது கடல் தாண்டி இருக்கிறது. உறுதிகள் எந்தெந்த அலுமாரிக்குள் கிடக்கின்றனவோ தெரியாது. துலாவும் இல்லை. ஒரு மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பங்கு இல்லாத வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குழாயில் தண்ணீர் பிடித்தபடி யாரோ ஒரு மருமகளைப் பற்றிச் சுவையாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் யாரும் காத்து நிற்கவில்லை. எனக்குத் தாகமாக இருந்தது. ஒருத்தி போத்தலில் பிடித்துத் தந்தாள். சந்தோஷமாகக் குடித்தேன்.

ஆகவே இதுதான் நான் சொல்ல வந்தது. நீ இனிப் பிள்ளைகளுக்குச் சமஷ்டி படிப்பிப்பாய். அதிகாரத்தை மத்திக்கும் அலகுகளுக்கும் இடையில் எப்படிப் பிரிப்பது என்பதைப் பற்றி நம் தொழிலில் புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. நானும் என் பங்குக்குச் சேர்த்திருக்கிறேன். பிரிப்பதற்கு முன் யார் யார் நிற்கிறார்கள் என்று தலை நிமிர்ந்து பார்க்கும்படி உன் பிள்ளைகளுக்குச் சொல்லு. உன் அத்தியாயம் என் கட்டுரையைக் கெடுக்கவில்லை, ராசா. நான் பாதியில் விட்டதை நீ முடித்திருக்கிறாய். வாசிக்கும்போது வெட்கப்பட்டேன், உண்மை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம், இவன் என்னைவிட நன்றாக எழுதுகிறானே என்று பூரித்துப்போனேன். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனதுக்குள் இருக்கலாம் என்று இந்த வயதில்தான் கண்டுகொண்டேன். மலர்க்காரப் பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன், என் கட்டுரைக்குப் பின்னால் உன் அத்தியாயம் வர வேண்டும், இல்லையென்றால் மலரே வேண்டாம் என்று. பாவம், பதறிப்போனார்கள். ஒற்றையாட்சி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்று அப்பா சொல்லியிருப்பார். புத்தகத்தில் போடுவதும் விடுவதும் உன் உரிமை, அதில் நான் கட்டளை போடவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

போடுவதென்றால் இரண்டு திருத்தம் செய். முதலாவது, "த." என்பதை எடுத்துவிட்டுத் தவமணி என்று முழுப் பெயரையும் எழுது. அது அவர் கேட்டது. இரண்டாவது நான் கேட்பது. பதினெட்டாம் பக்கத்தில் "வளவாளர் பதில் சொல்லவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. அதை வெட்டிவிட்டு, "என் அம்மா பதில் சொல்லவில்லை" என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா